துபாயில் எட்டு மணி நேரம்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயில் போட்டு, சாம்பிள் அனுப்பி, சரக்கு கப்பல் ஏறும்வரை எல்லாரையும் துரத்துவதுதான் வேலை. நான் சேர்ந்து நான்கு வருடம் கழித்துத் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். பக்கத்து மேசை. என்னை அக்கா என்பாள். கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு.

ஜெர்மனி பையர், குழந்தைகள் பனியன் சாம்பிளோடு ஒரு ஆளை நேரில் அனுப்பச் சொன்னார். அந்தச் சாம்பிளின் நிறம் சரியாக வருவதற்காக மூன்று வாரம் சாயப்பட்டறைக்கு அலைந்தவள் நான். முதலாளி கூப்பிட்டபோது, எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏங்கண்ணு, அந்தப் புள்ளையப் பிராங்க்பர்ட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கறேன். எத்தன நேரமாகும், எந்த பிளைட்டுன்னு பாத்துச் சொல்லு."

"சரீங்க" என்றேன்.

கம்ப்யூட்டரில் தேடினேன். சென்னையிலிருந்து ஏழாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். நேராகப் போனால் பத்து மணி நேரம். நான் அதுவரை போயிருந்த பெரிய தூரம் சென்னைதான், ரயிலில் எட்டு மணி நேரம். கூட இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஜெர்மனியே வந்துவிடும் என்று நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

துபாயில் இறங்கி மாறிப் போகிற வழி ஒன்றும் இருந்தது. தூரம் இருநூறு கிலோமீட்டர்தான் கூடுதல். ஆனால் அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதலாளியிடம் அதை மட்டும் சொன்னேன். நேர் விமானத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பொடிய வேண்டும், கசங்கிய சுடிதாரோடு பையர் முன்னால் போய் நிற்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அவள் கிளம்பிய மறுநாள் காலை, ஆபீஸ் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அவளுடைய ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்குப் போட்டேன். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆர்டர் கிடைத்தது. ஒரு வாரத்தில் அவள் சாக்லேட்டோடு திரும்பி வந்தாள். சாப்பாட்டு நேரத்தில், "ஜெர்மனி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"ஆபீஸு, ஓட்டலு, மறுபடி ஆபீஸு. ஒண்ணும் பாக்கலக்கா. துபாய்லதான் நல்லா இருந்துச்சு. எட்டு மணி நேரம், ஒரு போன் கெடையாது. அது எங்க, இது எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. கண்ணாடியோரமா உக்காந்து பிளேன் ஏறுததையும் எறங்குததையும் பாத்துக்கிட்டே இருந்தேன். பெறவு செருப்பக் கழட்டிட்டுத் தூங்கிட்டேன். இப்படிச் சும்மா இருந்ததே இல்லக்கா. நீங்க அந்த டிக்கெட்டப் போட்டதாலதான்."

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் மாமியார், பிள்ளைகள். ஆபீஸில் இரண்டு போன். எட்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாத ஒரு நாளைத் தேடிப் பார்த்தேன், ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தக் கண்ணாடியோரத்தின் மேல் பட்ட பொறாமைக்கு முன்னால் ஜெர்மனியெல்லாம் ஒன்றுமே இல்லை.

அடுத்த சீசனுக்கும் அவள்தான் போனாள்.

"துபாய் வழியாவே போடுதியளாக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"அதுல சீட்டு இல்ல கண்ணு" என்று சொல்லி, பத்து மணி நேர விமானத்தில் போட்டேன்.

"பரவால்லக்கா" என்று தன் மெயிலுக்குத் திரும்பிக்கொண்டாள். சீட்டு இருந்தது. அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.