வாலிநோக்கம் விலக்கில் இறங்கியவர்

என் வீட்டுக்காரர் சவுதியில் இருபத்தோரு வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு, இனிமேல் போவதில்லை என்று ஊர் திரும்பியது நோன்புப் பெருநாளுக்கு முந்தின வாரம். அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார். அந்த இரண்டு மாதமும் கல்யாணம், விருந்து, ஆஸ்பத்திரி என்று ஓடிவிடும். பெட்டி கட்டும்போதுதான் இன்னும் ஒரு நாள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கலாமே என்று இரண்டு பேருக்கும் தோன்றும்.

இப்போது சும்மா உட்கார நிறைய நாள் கிடைத்தது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவள் சென்னையில் இருக்கிறாள். ஏர்வாடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

முதல் ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. அதற்கப்புறம் அவர் என் அடுப்படிக்குள் வர ஆரம்பித்தார். மிளகாய்த்தூள் டப்பா ஏன் கீழே இருக்கிறது, மீன் கழுவிய தண்ணீரை ஏன் முருங்கைக்கு ஊற்றுகிறாய், தண்ணீர் லாரி வருவதற்குக் குடங்களை ஏன் முதல் நாளே வெளியே வைக்கிறாய் என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. ஆனால் இருபத்தோரு வருடமாக யாரும் கேட்காத கேள்விகளுக்கு ஒரே நாளில் பத்துப் பதில் சொல்வது அலுப்பாக இருந்தது.

நான் வீட்டில் வைத்து நைட்டியும் பர்தா துணியும் விற்கிறேன். துணி எடுக்க ராமநாதபுரம் போவேன், வாடிக்கைக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எல்லாம் என் ஸ்கூட்டியில்தான். அவருக்கோ இரண்டு சக்கர வண்டி ஓட்டத் தெரியாது. சிறு வயதில் சைக்கிள் ஓட்டினார், அதற்கப்புறம் நேரே லாரிக்குப் போய்விட்டார். அதனால் எங்கே போனாலும் என் பின்னால்தான் உட்கார்ந்து வருவார். கடைத்தெருவில் என்னைத் தெரிந்தவர்கள், "லாத்தா, யாரு இது?" என்று கேட்பார்கள். ஊரில் பிறந்து வளர்ந்தவர் அவர், வாக்கப்பட்டு வந்தவள் நான். அவருக்கு அது சுருக்கென்று இருந்திருக்கும். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

உட்கார்ந்தாலும் சும்மா வரமாட்டார். "ஆடு நிக்கிது பாரு." "ஹாரன் அடி." "பஸ்ஸ விடு, அவன் போகட்டும்." ஒன்பது வருடமாக அந்த ரோட்டில் தனியாக ஓட்டியவள் நான்.

வாலிநோக்கத்தில் இருக்கிற அவருடைய அக்கா, எங்கள் பேச்சில் லாத்தா, மக்காவுக்கு உம்ரா போய்விட்டு வந்திருந்தார்கள். பார்க்கப் போகலாம் என்று ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். சிக்கல் தாண்டுவதற்குள் அவர் எட்டுத் தடவையாவது பிரேக் போடச் சொல்லியிருப்பார். வாலிநோக்கம் விலக்கில் நான் திரும்பும்போது எதிரே ஒரு வேன் வந்தது. தூரத்தில்தான் வந்தது. அவர் என் தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். வண்டி ஆடி, மண்ணில் இறங்கி, கருவேல முள்ளுக்கு ஒரு முழம் முன்னால் போய் நின்றது.

நான் வண்டியை அணைத்தேன்.

"எறங்குங்க மச்சான்."

"என்ன?"

"எறங்குங்கன்னு சொல்றேன். நீங்க நடந்து வாங்க. இல்ல, பஸ்ஸு வரும், ஏறி வாங்க. என்னால ஏலாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இறங்கினார். நான் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டேன்.

லாத்தா வீட்டில் பேரீச்சம்பழமும் சம்சம் தண்ணீரும் கொடுத்தார்கள். "தம்பி எங்கன?" என்று கேட்டார்கள். "வாராக, பின்னால வாராக" என்றேன். மக்காவில் பார்த்ததையெல்லாம் சொன்னார்கள். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேனே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறிவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு, காலையில் இரண்டு இடியாப்பம்தான் சாப்பிட்டிருந்தார். போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றார்கள் லாத்தா.

"ரோட்டுல எறக்கி விட்டுட்டு வந்துட்டேன் லாத்தா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அவர்கள் திட்டுவார்கள் என்று நினைத்தேன். "அழுதுக்கிட்டு நிக்காம போயிக் கூட்டிட்டு வா" என்றார்கள், அவ்வளவுதான்.

வந்த வழியே திரும்பினேன். ரோட்டோரம் எங்கேயும் ஆளைக் காணோம். பாதி வழியில் உப்பளத்துக்குள் பத்துப் பேர் கூடி நிற்பது தெரிந்தது. வண்டியை ரோட்டிலேயே போட்டுவிட்டு வரப்பு மேல் ஓடினேன்.

மூட்டை ஏற்றிய லாரி ஒன்று, பின் சக்கரம் பாதி புதைந்து சாய்ந்து நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே உட்கார்ந்திருந்தவர் என் வீட்டுக்காரர்.

நடந்ததைப் பிறகு லாரிக்காரர் சொன்னார். லாரிக்காரர் முடுக்க முடுக்கச் சக்கரம் உள்ளேதான் போயிருக்கிறது. ரோட்டில் நடந்துவந்த இவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்திருக்கிறார். "மிதிக்காதீக, மிதிச்சா இன்னும் போகும்" என்று சத்தம் போட்டிருக்கிறார். உள்ளே வந்து பாதி மூட்டையை இறக்கச் சொல்லி, சக்கரத்துக்கு முன்னால் மண்ணைப் பறித்து, உப்பை மூட வைத்திருந்த கீற்றை வாங்கிப் போட்டு, டயரில் காற்றைக் குறைத்திருக்கிறார். மணலில் மாட்டினால் சவுதியில் அப்படித்தான் செய்வார்களாம். லாரிக்காரர் சாவியை இவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நான் போய் நின்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாகப் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமோ பதற்றமோ ஒன்றும் இல்லை. லாரி ஒரு முறை முன்னால் அசைந்து பின்னால் வந்தது. மறுபடி அசைந்தது. மூன்றாவது தடவை கீற்றை நெரித்துக்கொண்டு மெதுவாக ஏறி, கெட்டித் தரைக்கு வந்து நின்றது. உப்பு அள்ளும் பெண்கள் சிரித்துக் கைதட்டினார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திநாலு வருடம். அவர் அனுப்பிய பணத்தில் வீடு கட்டினேன், மகளைப் படிக்க வைத்தேன். அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை என்பது அந்த வரப்பில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

கீழே இறங்கியவர் என்னைப் பார்த்தார். சட்டை முழுக்கச் சேறு.

"லாத்தா தேடுனாகளா?" என்று கேட்டார்.

"போன ஏன் எடுக்கல?"

"கையெல்லாம் சேறா இருந்துச்சு."

இனி இப்படி இறக்கிவிட மாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் லாரிக்காரர் அவருக்கு மோர் கொண்டுவந்துவிட்டார். குடித்துவிட்டு என் ஸ்கூட்டியில் ஏறினார். லாத்தா வீட்டில் அந்தச் சேற்றோடேயே உட்கார்ந்து சோறு தின்றார்.

நாலு நாள் கழித்து, லாரிக்காரர் சொன்னதைக் கேட்டு லாரி முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். வாரத்தில் நாலு நாள் உப்பு லோடு அடிக்க ஆள் வேண்டும் என்றார். என் வீட்டுக்காரருடைய நம்மூர் லைசென்ஸ் காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. ராமநாதபுரம் ஆர்டிஓ ஆபீசுக்கு மூன்று தடவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண் டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னபோது, "இத்தனை வருசம் ஓட்டினவன் நான்" என்று முனகினார். ஆனால் அதற்கு முந்தின ராத்திரி அவர் தூங்கவில்லை. பாஸ் ஆகிவிட்டார்.

இப்போது விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பிப் போகிறார். சாயங்காலம் வரும்போது கால் வெடிப்பில் உப்பு ஏறி எரியும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். அடுப்படி பழையபடி என் கையில் இருக்கிறது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். பாதிதான் அப்படி இருந்தது. மத்தியானம் ஒருத்தியாகச் சோறு போட்டுக்கொள்ளும்போது, இவர் இன்னும் இங்கேதானே இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

லோடு ஏற்றும் நேரத்தில் பதினொரு மணிவாக்கில் போன் பண்ணுவார். ஒரு நாள் லோடு கணக்கெல்லாம் சொல்லிவிட்டு, "ஒண்ணு சொல்லட்டா, கோவிச்சுக்காத" என்றார்.

"சொல்லுங்க."

"வந்து மூணு மாசமும் விருந்துக்கு வந்தவன் மாதிரிதான் இருந்துச்சு. எது எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியல. அதான் எல்லாத்தையும் நோண்டிக்கிட்டே இருந்தேன்."

முகத்துக்கு நேரே இதை அவர் சொல்லியிருக்க மாட்டார். நானும் கேட்டிருக்க மாட்டேன். அவர் சவுதி போன நாளிலிருந்து முக்கியமான பேச்சையெல்லாம் நாங்கள் போனில்தான் பேசியிருக்கிறோம்.

"எனக்கும்தான் மச்சான்" என்றேன். "யாரோ வந்து எம் வீட்டப் பிடுங்கிக்கிட்ட மாதிரி இருந்துச்சு. நீங்க வரணும்னுதான் இத்தன வருசம் அல்லாகிட்ட துவா கேட்டேன். வந்ததும் அப்படித் தோணுதேன்னு பயந்துட்டேன்."

அந்தப் பக்கம் உப்பு மூட்டை விழும் சத்தம் கேட்டது. அப்புறம், "சரி, லோடு முடிஞ்சிருச்சு, வாரேன்" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. நகரை மீன் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிடும்போது, மறுநாள் துணி கொடுக்க எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்டார். சிக்கல் என்றேன்.

"பத்து மணிக்கு நானும் அங்கனதான் டீசல் போடுவேன்" என்றார்.

மறுநாள் சிக்கல் டீக்கடையில் நான் போகும்போது லாரியை ஓரம் கட்டிவிட்டு நின்றிருந்தார். எனக்குச் சர்க்கரை போட்டு, தனக்குச் சர்க்கரை இல்லாமல் என்று இரண்டு டீ சொன்னார். பத்து நிமிடம் நின்று குடித்தோம். அவருக்கு உப்பளத்தில் லோடு காத்திருந்தது, எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.