வளைந்த சுவருக்கு ஒரு கதவு

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். நான் காட்டூரில் குடியிருக்கிறேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சின்ன கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது என் வேலை. வீடு, கடை, கல்யாண மண்டபம் என்று நிறைய வரைந்திருக்கிறேன். ஆனால் உருண்டையாக எதையும் வரைந்ததில்லை. அப்போதுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு டீச்சர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நாற்பதைத் தாண்டிய வயது. பார்வையில்லாத பெண்பிள்ளைகளுக்காகக் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு விடுதி நடத்துகிறார். பிள்ளைகள் படிக்கவும் விளையாடவும் ஒரு கூடம் வேண்டும், அது கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி குவிமாடமாக இருக்க வேண்டும் என்றார்.

"எதுக்குங்க டோம்? சதுரமா கட்டினா சுலபமா முடிஞ்சிடுமே" என்றார் எங்கள் அலுவலகத்தை நடத்தும் சார்.

"சதுரத்துல மூலை இருக்கே சார். புதுசா வர்ற புள்ளைங்க மூலையில போய் மாட்டிக்கிட்டு, எந்தப் பக்கம் திரும்புறதுன்னு தெரியாம நின்னுடுதுங்க. வட்டமா இருந்தா சுவத்துல ஒரு கைய வச்சுக்கிட்டு நடந்தாப் போதும், எப்படியும் வாசலுக்கு வந்துடலாம். கதவும் சுவத்தோட சுவரா வளைஞ்சு இருக்கணும். கை எதுலயும் போய் இடிக்கக் கூடாது."

கேட்பதற்கு எளிதாக இருந்தது. வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. எங்கள் மென்பொருளில் விதவிதமான கதவுகள் தயாராக இருக்கும், சுவரில் கொண்டுபோய் வைத்தால் பொருந்திக்கொள்ளும். ஆனால் எல்லாமே தட்டையான கதவுகள். குவிமாடத்தில் வைத்தால் கீழ்ப்பாதி சுவருக்குள் புதைந்தது, மேல்பாதி வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கதவை வளைக்கப் போனால் வாசல் நிலை உடைந்தது. நிலையைச் சரிசெய்தால் குவிமாடமே காணாமல் போனது.

சார் பார்த்துவிட்டு, "முன்னாடி ஒரு பொட்டி மாதிரி நீட்டி, அதுல சாதா கதவ வச்சுடும்மா" என்றார். வழக்கமாக எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் அப்படிச் செய்தால் வாசலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூலைகள் முளைத்துவிடும். எந்த மூலை வேண்டாம் என்று டீச்சர் வந்தாரோ அதையே வாசலில் வைத்துக் கொடுப்பதா? எனக்கு மனசு ஒப்பவில்லை.

தயாராக இருந்த கதவுகளை மறந்துவிட்டு, குவிமாடத்தின் சுவரையே கத்தியால் நறுக்குவதுபோல் வெட்டி, அந்தத் துண்டையே கதவாக்கினேன். கீல் வைத்தேன். பல நாள் முயற்சிக்குப் பிறகு, திரையில் ஒரு வளைந்த கதவு அழகாகத் திறந்து மூடியது. அலுவலகத்தில் எல்லோரும் என் நாற்காலியைச் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"பிரமாதம்மா. டீச்சர்கிட்ட காட்டிட்டு வந்துடு" என்றார் சார். சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. டீச்சரிடம் எதைக் காட்டுவது?

சத்திரத்துக் கடையில் கொஞ்சம் கெட்டியான பிளாஸ்டிக் பந்து ஒன்று வாங்கினேன். அதைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தேன். பக்கவாட்டில் கதவு அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, அதே துண்டை ஓரத்தில் டேப் ஒட்டி மாட்டினேன். பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

டீச்சர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு முதலில் முழுதாகத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. கதவைக் கண்டுபிடித்து வெளிப்பக்கமாகத் திறந்தார். பிறகு இரண்டு விரல்களைக் கால்களைப் போல வைத்து, வாசல் வழியாக நடத்தினார். விரல்கள் நின்றுவிட்டன.

"இங்க வாங்க, இதத் தொட்டுப் பாருங்க. கீழ வழி இருக்கு. ஆனா கதவோட மேல்பக்கம் வாசல் மேலேயே சாஞ்சு நிக்குதே?"

தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். குவிமாடத்தின் சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்கிறது. அதிலிருந்து வெட்டிய கதவைத் திறந்ததும், அந்தச் சாய்வு நடக்கிற வழிக்கு மேலே வந்து நிற்கிறது. இத்தனை நாள் திரையில் அதைத் திறந்து மூடியும் எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"எங்க புள்ளைங்க கம்பால தரையத் தட்டிக்கிட்டு வரும். கம்புக்கு எதுவும் தட்டுப்படாது. நெத்திதான் போய் இடிக்கும்" என்றார் டீச்சர். உள்பக்கம் திறந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை கதவின் விளிம்பில் மோதும். அதையும் விரலால் நடந்து காட்டினார். பிறகு பந்தை என்னிடம் நீட்டி, "முடியலன்னா சொல்லிடுங்க, பரவால்ல" என்றார்.

"முடியும் டீச்சர். கொஞ்சம் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். எப்படி முடியும் என்று அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று ஊர்ந்தது. ஆற்றில் நுரைத்துக்கொண்டு தண்ணீர் போனது. நான் பந்தின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அஸ்திவாரம் முடிந்து, குவிமாடத்துக்குக் கம்பி கட்ட ஆள் வரப்போகிற நேரம். வாசல் முடிவாகாமல் கம்பி கட்ட முடியாது. சார் மறுபடியும் பொட்டி வாசலைப் பற்றிப் பேசினார். "கம்பி கட்டுற ஆள் வர்றவரைக்கும் விடுங்க சார். அதுக்குள்ள வழி கிடைக்கலன்னா நானே பொட்டி வரைஞ்சு தர்றேன்" என்றேன்.

கதவை மேல்நோக்கித் தூக்குவது போல, இரண்டாக மடிவது போல, என்னென்னவோ வரைந்து அழித்தேன். ஒரு மதியம், வாசலைக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக, கதவை மட்டும் பிடித்துக் குவிமாடத்தின் நடுப்புள்ளியைச் சுற்றித் திருப்பினேன். கதவு சுவரை விட்டு விலகவே இல்லை. சாய்வும் வளைவும் அப்படியே பொருந்தி, சுவரோடு சுவராக நழுவிப் போனது. குவிமாடத்தை அதன் அச்சில் எவ்வளவு சுற்றினாலும் அது அதே குவிமாடம்தானே! இந்தக் கதவுக்குக் கீலே தேவையில்லை. வட்டமான தண்டவாளத்தில் பக்கவாட்டில் தள்ளினால் போதும். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போலிருக்கிறது, சார் எட்டிப் பார்த்தார்.

இம்முறை இரண்டு பந்துகள் வாங்கினேன். சற்றே சின்னதான பந்திலிருந்து கதவை வெட்டி, பெரிய பந்தின் உள்பக்கம் நழுவ விட்டேன். டீச்சர் தள்ளிப் பார்த்தார். விரல்களை வாசலில் நடத்தினார். விரல்களாலேயே சுவரோரமாக உள்ளே சுற்றி வந்தார்.

"இப்ப சரி" என்றார். உடனே, "விரல் நசுங்குமா?" என்று கேட்டார். கதவின் விளிம்புகளை மழுங்கலாக்கி ரப்பர் வைப்பது, முழுதாக மூடினாலும் விரல் இடைவெளி விடுவது என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தோம்.

அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்காரர் கதவு செய்ய ஒத்துக்கொண்டார். "நேர் ரெயில்தான் மேடம் போட்டிருக்கேன். இது சாஞ்சுக்கிட்டு வேற நிக்குது. ஓடலன்னா என்னைத் திட்டக் கூடாது" என்றார். கீழே ஒன்று, மேலே ஒன்று என இரண்டு வட்ட ரெயில்கள். பட்டறையிலேயே முதல் முறை மாட்டிப் பார்த்தபோது கதவு பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. ஆள் வைத்துத் தள்ளியும் அசையவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து வளைவை அசல் அளவிலேயே தாளில் அச்சடித்து எடுத்துப் போனேன். பட்டறைத் தரையில் ஒட்டி அதன்மேல் ரெயிலை வைத்தோம். மேல் ரெயிலின் வளைவு ஓரிடத்தில் விலகியிருந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்ப வளைத்தார். அடுத்த முறை ஒரு கையால் தள்ளினேன். நகர்ந்தது. "ஓடுது மேடம்!" என்று என்னைவிடச் சத்தமாகக் கத்தினார் அவர்.

தை மாதம் கூடம் திறந்தார்கள். விடுதிக்குப் புதிதாக வந்திருந்த ஒரு சின்னப் பெண், யாரும் சொல்லாமலே சுவரில் கை வைத்து நடக்க ஆரம்பித்தாள். கதவின் விளிம்பு கையில் பட்டதும் நின்றாள். தடவிக் கைப்பிடியைக் கண்டுபிடித்துத் தள்ளினாள். கதவு விலகியது. கொள்ளிடத்துக் காற்று அவள் முகத்தில் வந்து மோதியது. சிரித்துக்கொண்டே தலை நிமிர்ந்து வெளியே போனாள். பிறகு திரும்பி வந்து, கதவை மூடி, இன்னொரு சுற்று கிளம்பினாள். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காலடிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் எந்தக் கட்டடத்துக்கு வரைபடம் முடித்தாலும், அனுப்பும் முன் ஒரு நிமிடம் திரையை அணைத்துவிட்டு, தெருவிலிருந்து உள்ளே மனதால் நடந்து பார்க்கிறேன். நான் வரைவது பார்ப்பதற்கு மட்டுமில்லை, யாரோ ஒருவர் தினமும் நம்பி நடக்கப்போகிற வழி என்பது அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.