நாலு மணிக்குத் தெரியும் மலை

ராக்கம்மா யாரையும் வாய்விட்டுச் சபித்ததில்லை. சபித்தால் கோபம் ஆறிவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள் அவள். 1978-இல் ஒரு காலை, மலைமேல் கருமேகம் இறங்கியிருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று அவள் புருஷன் முருகையா, "இடி விழும் தொரை, இன்னிக்கு வேணாம்" என்றான். வெள்ளைக்காரத் துரை குடைக்குள் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, மரத்துக்குப் போகச் சொன்னார். பத்து மணிக்கு இடி விழுந்தது. முருகையா மரத்தடியிலேயே கருகிப்போனான். துரை தடுத்தும் அவன்தான் கேட்காமல் போனான் என்று ரிப்போர்ட் எழுதினார் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அமிர்தலிங்கம்.

இருபது வருஷம் கழித்து, டவுனை ஒட்டிய ரஹாங்கில் அதே கிராணி வீட்டில்தான் அவளுக்குச் சமையல் வேலை. விதி என்றது ஊர். வயிறு என்றாள் அவள்.

கிராணிக்குத் துரைப் பாசம் விட்டபாடில்லை. துரை இப்போது ஐரோப்பாவில் ஒரு பனிமலைச் சரிவில் விடுதி நடத்தினார். கம்பத்தில் கேமரா வைத்து, மலையை இன்டர்நெட்டில் காட்டினார். தினமும் நாலு மணிக்குக் கிராணி கம்ப்யூட்டரைத் திறப்பார். படம் மேலிருந்து மெல்ல இறங்கும்: முதலில் வானம், பிறகு முகடு, கடைசியில் விடுதிக் கூரை. தேத்தண்ணியோடு பின்னால் நிற்கும் ராக்கம்மா வானத்தை மட்டும் பார்ப்பாள். தெய்வம் நின்று கொல்லுமாம். நின்றது போதாதா என்று மேகத்தைக் கேட்பாள்.

ஜனவரியில் ஒரு நாள், முருகையா செத்த அன்றைக்கு இருந்த அதே கறுப்பு அந்த முகட்டில் இறங்கியது. மறுநாள் படம் முழுக்க வெள்ளை. புயல் துரையை மூடிவிட்டதென்று நெஞ்சு குளிர்ந்துபோய் அவள் பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று கேட்டுக்கொண்டே கிராணி இரண்டு கிண்ணம் குடித்தார்.

அதற்கடுத்த நாள் ஓர் ஒல்லியான ஆள் ஏணியில் தொங்கியபடி கேமராக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையுறை கிழிந்திருந்தது.

"யாருங்கய்யா அது?"

"தொரையோட வேலையாளு லா. என்ன புயல் அடிச்சாலும் ஏத்தி விட்ருவாராம். அவரே எழுதியிருந்தாரு."

ராக்கம்மா தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். அவள் கேட்ட புயல் துரையை விட்டுவிட்டு இன்னொரு முருகையாவின் தலையில் அல்லவா இறங்கியிருக்கிறது!

"ஐயா, தொரைக்கு எழுதுங்க. முருகையா பொண்டாட்டி தெனம் நாலு மணிக்குப் பாத்துக்கிட்டிருக்கா. இனிமே அந்த ஆள ஏத்தாம அவரே ஏறித் தொடைக்கணும். இல்லன்னா முருகையா எப்படிச் செத்தான்னு அந்த மலையப் பாக்குற அத்தன பேருக்கும் தெரியும்."

"எனக்கு எதுக்கு வம்பு, ராக்கம்மா?"

"அன்னிக்குப் பொய் எழுதின கைதானே? இன்னிக்கு நெசத்த எழுதட்டும். இல்லன்னா நாளையிலேருந்து சோத்த நீங்களே வடிச்சுக்குங்க."

கிராணி எழுதினார்.

பனியைத் துடைக்க யாரும் ஏறாமல் நாலு நாள் படம் வெள்ளையாகவே கிடந்தது. ஐந்தாம் நாள் ஏணியில் ஒரு கிழவர். அந்தக் கிளிமூக்கை ராக்கம்மா மறக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தபடி அவர் நேராக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் முதல் முறையாக, கிராணி பார்க்கப் பார்க்க, அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லாத் தொடைங்க தொரை" என்றாள். "அந்த மூலையில இன்னும் பனி இருக்கு."