‘ஓகே’வுக்குக் காத்திருந்த கருப்பசாமி

மத்திகிரியில் எங்கள் மாடியறையில் குடியிருந்தவர் கருப்பசாமி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பல வருசம் ஃபேக்டரியில் இரும்பு கடையும் மிஷின் ஓட்டிவிட்டு, நடுவயது நெருங்கும்போது அதை விட்டு, கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதப் படித்தார். மனைவி தங்கமணியும் மகளும் ஊரில் இருந்தார்கள். சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததும் அவர்களை இங்கே கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார்.

பக்கத்து அறை ராஜேஷ்குமார் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, பாயில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் இவரைப் பார்த்து, “என்ன இஞ்சினியர் சார், இன்னிக்கும் பாய்மேலதான் டூட்டியா?” என்பான். இவர் சிரிப்பார். அப்புறம் நாள் முழுக்க மாடியில் பேச்சுக்குரலே இருக்காது. சனிக்கிழமை அனுமார் கோயில் பிரசாதம் கொண்டுபோனால் என்னோடு இரண்டு வார்த்தை பேசுவார், அவ்வளவுதான்.

ஒருவழியாகப் பெங்களூர் கம்பெனி ஒன்று நேரில் வரச்சொன்னது. அவர் பேருக்கு விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். சாயங்காலம் வந்தவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என்னாச்சு தம்பி?”

“மூணு புரோகிராம் எழுதச் சொன்னாங்கக்கா. மொதல்ல உள்ளத முடிச்சேன். நல்லா ஓடிச்சு. கைய எடுத்துட்டு உக்காந்துட்டேன்.”

“மீதி ரெண்டு?”

“யாராச்சும் வந்து பாப்பாங்கன்னு இருந்தேன். மிஷின்ல மொத பீஸ் போட்டா, குவாலிட்டிக்காரர் அளந்து ஓகே சொல்லணும்லாக்கா? அதுக்கு முந்தி அடுத்தத போட்டா மெமோதான். பழக்கம்! நேரம் போயிடுச்சு. ‘மத்தது தெரியாதா’ன்னாங்க. பைய எடுத்துட்டு வந்துட்டேன்.”

“அய்யோ சாமி! இத அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?”

மறுநாள் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். எதிர்முனையில் இருந்தவர் வாய்விட்டுச் சிரித்தாராம். அறையிலிருந்தே இன்னொரு தடவை எழுதவிட்டார்கள். இந்த முறை யாருக்கும் காத்திருக்கவில்லை. தெய்வம் கண்திறந்தது. வேலை கிடைத்தது, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை.

தங்கமணிக்குச் சொன்னார். அவள் கேட்டாளாம்: “வீட்லருந்தே பாக்குற வேலைக்கு நாங்க எதுக்கு அங்க வரணும்? நீங்க இங்க வாங்க.”

“பட்டப்பகல்ல வீட்ல கெடந்தா, வேலை போயி வந்துட்டான்னு ஊரு பேசும்லாக்கா” என்று என்னிடம் தயங்கினார்.

“ஊரா உன்கூடச் சாப்பிடுது?” என்றேன்.

அந்த ஞாயிறு பஸ் ஏறினார். ராஜேஷ்குமாரே பையைத் தூக்கிப்போய் ஏற்றிவிட்டான். அடுத்த சனிக்கிழமை பிரசாதத்தோடு பாதிப்படி ஏறின பிறகுதான், மேலே அவர் அறை காலி என்று எனக்கு நினைப்பு வந்தது. திரும்பி இறங்கினேன்.