குத்தாலம் கலியின் ஒத்த வரி விமர்சனங்கள்

கலியண்ணன் போயிட்டார்.

நம்ம சினிமா குரூப்ல ஒத்த வரியில விமர்சனம் போடுவாரே, ‘குத்தாலம் கலி’... அவர்தான். குவைத்ல, போன வெள்ளிக்கிழமை, ரூம்லயே. ஹார்ட் அட்டாக்.

மூணு நாளா எழுத உட்கார்றேன், எழுந்து போயிடறேன். போனைத் தொடவே பயமா இருக்கு. ஏன்னு சொல்லிடறேன்.

முழுப் பேரு கலியபெருமாள். மாயவரத்துக்கிட்ட இருக்கிற குத்தாலம் பக்கத்துல ரெண்டு மா நிலம், முக்கா ஏக்கர் கூட வராது, அதுவும் வாய்க்காலோட கடைசியில. தண்ணி வந்து சேர்றதுக்குள்ள நாத்து பழுத்துடும்னு சொல்லுவார். ஏசி மெக்கானிக் வேலை கத்துக்கிட்டு குவைத் போனவர், அப்புறம் லீவுக்கு மட்டும்தான் ஊர்.

நான் மாயவரத்துப் பொண்ணு, மஸ்கட்ல நர்ஸ். குரூப்ல சேர்ந்த புதுசுல அவர் போட்டிருந்த வரி இது... “பாட்டு அஞ்சு. கேட்க அஞ்சு.”

முதல்ல புரியல. டூட்டில, ஒருத்தருக்கு பிபி பார்த்துக்கிட்டு இருக்கும்போது திடீர்னு அந்த ரெண்டாவது ‘அஞ்சு’ பயப்படச் சொல்ற அஞ்சுன்னு புரிஞ்சு சிரிச்சுட்டேன். அந்த ஆளு பயந்துட்டார், பிபி அவ்வளவு மோசமான்னு.

விவசாயிங்களைக் காப்பாத்துற ஹீரோ படம் ஒண்ணு வந்தப்போ, “ஹீரோ உழுறாரு. டைரக்டர் உளறுறாரு.” அது எங்கெங்கேயோ ஷேர் ஆகி, பேரே இல்லாம எனக்கே ஃபார்வர்டா வந்துச்சு.

“ஏண்ணே எப்பவும் ஒரே வரி?”ன்னு ஒருதடவை கேட்டேன்.

“ரூம்ல ஆறு பேரு சிஸ்டர், ஒரே பிளக் பாயிண்ட். சார்ஜ் ஒரு வரிக்குத்தான் தாங்கும்.”

நேர்ல பார்த்தது ஒரே தடவை. திருச்சி ஏர்போர்ட்ல, ரெண்டு பேரும் லீவு முடிஞ்சு கிளம்புறோம். குரூப்ல அந்தச் சிரிப்பு சிரிக்க வைக்கிற மனுஷன் நேர்ல வாயே திறக்கல. நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன்.

அவர் லைன்ல நிக்கப் போறப்போ பாக்கெட்லேர்ந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். “சிஸ்டர்... இதை தினமும் போடணுமா, தலை சுத்துனா மட்டும் போட்டா போதுமா?”

பிபி மாத்திரை. “தினமும் போடணும்ணே, ஒரு நாள் கூட விடக்கூடாது”ன்னேன். சரி சரின்னு தலையாட்டினார். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட நான் அதைப் பத்திக் கேட்டதில்ல. பட விமர்சனம்தான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போட்ட வரி நீங்க எல்லாரும் பார்த்ததுதான்.

“நெஞ்சைத் தொட்டது. இன்னும் விடல.”

நான் ஹாஹா போட்டேன். “மார்க் எவ்ளோண்ணே?”ன்னு கமெண்ட்டும் போட்டேன்.

“அப்புறம் சொல்றேன் சிஸ்டர்”னு பதில் வந்துச்சு.

எமர்ஜென்சி வார்டுல வேலை பார்க்கிறவ நான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு யாரு உள்ள வந்தாலும் முதல்ல ஓடுறவ.

சாயங்காலம் அதே பதிவுக்குக் கீழ அவரோட ரூம்மேட் கமெண்ட் போட்டிருந்தார். புதுக்கோட்டைக்காரர். “அண்ணன் இறந்துட்டாருங்க. தியேட்டர்லேர்ந்து பாதியிலயே வந்து, நெஞ்சைத் தடவிக்கிட்டு படுத்திருந்தாரு. போனைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு. நாங்க கடைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள...”

அதுக்கும் ஒருத்தர் ஹாஹா போட்டிருந்தார். இதுவும் ஜோக்குன்னு நெனச்சுட்டார்.

நான் என் ஹாஹாவை எடுத்தேன். எடுத்ததும் இன்னும் பயம்... யாராவது பார்த்திருப்பாங்களோ, ஸ்கிரீன்ஷாட் இருக்குமோன்னு. இப்படி யோசிக்கிற என்னை நெனச்சே எனக்குப் பயமா இருந்துச்சு.

முந்தாநாள் நம்ம குரூப்ல ஒருத்தர் “படம் மூச்சு முட்டுது”ன்னு எழுதியிருந்தார். உடனே போன் போட்டேன். “சார், நல்லா இருக்கீங்களா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?” அவர் சிரிச்சார். படத்தைத்தான் சொன்னாராம். போனை வெச்சப்புறமும் அவர் பதிவைத் திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டிருந்தேன்.

நேத்து அண்ணி கூப்பிட்டாங்க. கலியண்ணனோட வீட்டுக்காரம்மா. ரூம்மேட்கிட்ட நம்பர் வாங்கியிருக்காங்க.

“நீங்கதான் மஸ்கட் நர்ஸம்மாவா? அவரு வீட்ல அவ்வளவாப் பேச மாட்டாரும்மா. என்னமோ எழுதுவாராம், அங்க எல்லாரும் சிரிப்பாங்களாம். கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்.”

படிச்சேன். ‘உழுறாரு, உளறுறாரு’க்கு அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. “கழனியில நிக்கிறப்பவும் இப்படித்தான், திடீர்னு ஒண்ணு சொல்லுவாரு”ன்னாங்க.

அப்புறம் கேட்டாங்க. “கடைசியா என்ன எழுதினாரு?”

சிக்னல் இல்லன்னு சொல்லி கட் பண்ணிடலாமான்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேன். அப்புறம் சொல்லிட்டேன். நான் ஹாஹா போட்டதையும், மார்க் கேட்டதையும் சேர்த்தே சொன்னேன்.

திட்டிடுங்களேன்னு இருந்துச்சு.

“அன்னிக்கு மத்தியானம் எனக்கும் போன் பண்ணினாரும்மா. குரல் ஒரு மாதிரி இருக்கேன்னேன். வாயுதான், சோடா குடிச்சிருக்கேன், சரியாயிடும்னாரு.”

அப்புறம் அவங்களே... “அப்ப உங்ககிட்டதாம்மா நெசத்தைச் சொல்லியிருக்காரு.”

கோவமா சொல்லல. சும்மா, கணக்குத் தெரிஞ்சுக்கிட்ட மாதிரி சொன்னாங்க. அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு.

பேப்பர் வேலை முடிஞ்சு நாளன்னிக்கு உடல் திருச்சி வருது. அங்கேர்ந்து குத்தாலம். எனக்கு லீவு கிடைக்கல. மாயவரம், கும்பகோணம் பக்கம் இருக்கிற குரூப் ஆளுங்க தயவுசெஞ்சு போயிட்டு வாங்க. அண்ணிகிட்ட அவர் எழுதினதைப் பத்திப் பேசுங்க, கேக்க ஆசைப்படுறாங்க.

கலிண்ணே... மன்னிச்சிருங்க.

பத்திரமா ஊர் போய்ச் சேருங்க.