காய்ந்திருந்த இரண்டு இடங்கள்

வெர்லின் ஸ்ட்ரவுட் குதிரையை விற்பதென்று முடிவுசெய்தது கோபத்தில் அல்ல, மனம் விட்டுப்போய்த்தான். வயோமிங் மலையடிவாரத்தில், தார்ச்சாலையிலிருந்து பதினெட்டு மைல் உள்ளே, அவரும் நூறு மாடுகளும் நிக்கல் என்கிற அந்தச் சாம்பல் குதிரையும்தான். மனைவி லோரீன் இறந்து ஆறு வருடம். அதன் பிறகு அவர் வாய் திறந்து பேசியதில் பெரும்பகுதி குதிரையிடம் பேசியதுதான். அதற்கும் இப்போது அவரைக் கண்டால் ஆகவில்லை.

பழைய குதிரைக்குப் பதில் நிக்கலில் ஏற ஆரம்பித்த இந்த இரண்டு வருடமாக இதே கதை. சேணத்தைத் தூக்கிக்கொண்டு அவர் லாயத்துக்குள் வந்தால் போதும், காதை மடக்கிக்கொண்டு மூலைக்குப் போய்ப் பின்புறத்தைக் காட்டும். வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வரும். ஒருமுறை ஆளையே கீழே தள்ளியது; அன்று அவர் கடிவாள வாரால் அதை விளாசித் தள்ளினார். முதுகு உறுத்துகிறதோ என்று தோன்றாமல் இல்லை. அதற்கு அந்தப் பக்கத்து ஆண்கள் செய்வதையே அவரும் செய்தார்: சேணத்துக்கு அடியில் இன்னொரு கம்பளம். பிறகு மூன்றாவது. கடிக்கிற ஷூவுக்குள் இரண்டாவது சாக்ஸ் மாட்டுகிற வைத்தியம். சேணத்தைச் சந்தேகிக்க மட்டும் மனம் வரவில்லை. ஓடும் கன்றைக் கயிறு வீசிப் பிடிக்கிற போட்டியில் முதல் பரிசாக வாங்கியது. அவர் பெயர் அதன் தோலில் பொறித்திருந்தது. அதைக் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

குதிரையை வாங்க வந்தவர் டெல்மா ஹாட்ச். ஐம்பது மைல் தள்ளிக் குதிரை வளர்க்கிற பெண்மணி. வயதில் வெர்லினுக்குச் சமம், வாயில் இரண்டு பங்கு.

"ஏறி ஒரு அரை மணி ஓட்டிக் காட்டு, பாப்போம்."

ஓட்டிக் காட்டினார். திரும்பி வந்ததும் டெல்மா தானே சேணத்தை இறக்கி, மூன்று கம்பளங்களையும் உருவிப் போட்டார். குதிரையின் முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. தோளுக்குப் பின்னால், இரு பக்கமும் உள்ளங்கை அளவு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அங்கே நரைத்திருந்த முடியை வெர்லின் வயது என்றே நினைத்திருந்தார்.

"வேர்வகூட வர வழியில்லாம அமுக்கியிருக்கு," என்றார் டெல்மா. "உன் பழைய குதிர ஒட்டடக்குச்சி. அதுக்கு இது சரியா இருந்துச்சு. இவன் தோள் எவ்ளோ அகலம் பாரு. உள்ள இருக்கற மரச்சட்டம் இடுக்கி மாதிரி பிடிக்குது. நீ வேற கம்பளத்த அடுக்கி இன்னும் இறுக்கி வெச்சிருக்க."

"என்னப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன்."

"உன்னப் பிடிக்காதவங்க நெறைய பேரு இருக்கோம்யா. அதுல குதிரையச் சேக்காத. எனக்கு இவன் வேண்டாம். மொதல்ல சேணத்த மாத்து."

அமுங்கி நொந்த முதுகு ஆற மூன்று வாரம் விட்டு, குதிரையை வண்டியில் ஏற்றி நகரத்துச் சேணக் கடைக்குப் போனார். கடைக்காரர் ரூபன் முதலில் பரிசுச் சேணத்தையே கம்பளமில்லாமல் வெறும் முதுகில் வைத்தார்.

"அடியில கைய விடுங்க. நான் மேல சாயறேன்."

ரூபன் லேசாகத்தான் சாய்ந்தார். வெர்லினின் விரல் முட்டிகள் நசுங்கின. கண்ணில் நீர் வந்தும் அவர் உடனே கையை எடுக்கவில்லை.

"போதும், எடுங்க சார்," என்றார் ரூபன்.

பிறகு கடையிலிருந்த சேணங்களை ஒவ்வொன்றாக அப்படியே வைத்துப் பார்த்தார்கள். இரண்டு சேணங்கள் இடுக்கின. ஒன்று ஆடியது. இன்னொன்று முன்னும் பின்னும் தொட்டு நடுவில் தொடாமல் நின்றது. ஐந்தாவதில் கை எங்கும் சிக்காமல், எங்கும் ஒரே சீராக உரசிக்கொண்டு உள்ளே போனது. பழையது, ஒரு பூவேலைகூட இல்லை. பரிசுச் சேணத்தைக் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு லாயத்துக்குள் போனபோது நிக்கல் காதை மடக்கி மூலைக்குப் போனது. சேணம் மாறியது அதற்கெப்படித் தெரியும்? வெர்லின் மெதுவாக முதுகில் வைத்தார். வாரை இறுக்கினார். இந்த முறை கடிக்க வரவில்லை. உடம்பெல்லாம் விறைக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த வலிக்காகக் காத்து நின்றது. அவர் சேணத்தின் மேல் தன் பாரத்தைச் சாய்த்தார்.

வலி வரவில்லை. நிக்கல் இன்னும் கொஞ்சம் காத்துப் பார்த்தது. பிறகு நீளமாக மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தியது.

லோரீனை அடக்கம் செய்த அன்றுகூட அழாத மனிதர், அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

"ரெண்டு வருஷமா சொல்லிட்டேதான்டா இருந்திருக்க," என்றார். "நான் உன்ன அடிச்சேன்."