தனி ரூம் இருக்கிறதா?

போன வாரம் எனக்குக் காய்ச்சல். பெரிதாக ஒன்றுமில்லை, பெங்களூர் மழைக்கு வருடாவருடம் வருகிற காய்ச்சல்தான். ஆனால் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஒரு போன் வந்துவிடும்.

"அக்கா, இன்னிக்கு எவ்ளோ இருக்குது? சாப்ட்டீங்களா? மூச்சு வாங்குதா?"

"நூறு இருக்கு செல்வி. ரெண்டு இட்லி சாப்ட்டேன்."

"ரெண்டெல்லாம் பத்தாதுக்கா. இன்னொண்ணு சாப்டுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

"என்ன, டாக்டரம்மா விசிட் முடிஞ்சுதா?" என்று என் கணவர் ஹாலிலிருந்து கிண்டல் செய்வார். செல்வி டாக்டர் இல்லை. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறவர். இந்தக் கேள்விகளை அவர் கற்றுக்கொண்டதே என்னிடமிருந்துதான். அந்தக் கதையை இத்தனை வருடமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை. மறந்துபோய் அல்ல... வெட்கத்தில்.

கொரோனா இரண்டாவது அலை. எங்கள் பிரேசர் டவுனில் சிலர் சேர்ந்து ஒரு வாலண்டியர் குழு ஆரம்பித்தோம். பாசிட்டிவ் வந்தவர்களுக்கு தினமும் போன் செய்து விசாரிக்க வேண்டும். தமிழ் பேசுகிறவர்களின் லிஸ்ட் என்னிடம். ஃபார்ம் கன்னடத்தில் இருக்கும். நான் அதைத் தமிழில் கேட்டு, டிக் போட்டு அனுப்புவேன். யார் வீட்டிலேயே இருக்கலாம், யாரைக் கோவிட் கேர் சென்டருக்கு அனுப்புவது என்பதெல்லாம் அந்த டிக்கைப் பார்த்துத்தான் முடிவாகும்.

இரண்டு மொழி தெரியும் என்று எனக்குக் கொஞ்சம் மிதப்பு வேறு.

லிஸ்ட்டில் அன்று புதிதாக வந்த பெயர், செல்வி. வயது முப்பத்தி நாலு. குடும்பத்தில் நாலு பேர்.

"தனி ரூம் இருக்காம்மா?"

"இருக்குதுங்க மேடம். தனி ரூம்தான்." குரலில் ஒரு நிமிர்வு.

டிக்.

"பாத்ரூம்?"

"அதுவும் தனியாதான் இருக்குது."

இன்னொரு டிக். ஹோம் ஐசோலேஷன். அடுத்த நம்பர்.

அதே வாரம் என் கணவருக்கும் பாசிட்டிவ். எங்கள் வீட்டில் மூன்று பெட்ரூம், இரண்டு பேர். அவர் அட்டாச்டு பாத்ரூம் உள்ள பெட்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மணிக்கு இரண்டு தடவை ஆக்ஸிமீட்டரில் விரலை விடுவார். டாக்டராக இருக்கும் அவருடைய அத்தை மகன் வீடியோ காலில் வருவார். அந்தப் பதினைந்து நாளில் என் கணவர் அனுபவித்த மிகப் பெரிய துன்பம் என்ன தெரியுமா? வாசலில் வைத்த காபி ஆறிவிட்டது என்பதுதான். அதற்கும் உள்ளிருந்து எனக்கு வாட்ஸப் வரும்!

செல்விக்குத் தினமும் காலை ஒன்பது மணிக்கு போன் செய்தேன். நல்ல பெண். தன் காய்ச்சலைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்ல சாருக்கு எப்படிங்க?" என்று கேட்பார். லிஸ்ட்டில் இருந்த வேறு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள், பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஓர் இருமல்.

"யாரும்மா அது இருமறது?"

"வீட்டுக்காரருங்க. நேத்துலருந்து."

"அவர் எதுக்கு உங்க ரூமுக்குள்ள வந்தார்?" கோபமாகவே கேட்டேன்.

ஒன்றும் புரியாத குரலில், "வேற எங்கங்க போவாரு?" என்றார் செல்வி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பீன்யா பக்கத்தில் 'ரூம்' என்றால் வாடகைக்கு எடுத்த வீடு. ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் முதலில் நாலைந்து பேராக ஷேரிங்கில் இருப்பார்கள். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, யாரோடும் பங்கு போடாமல் தங்களுக்கென்று ஒன்று பிடித்தால் அதுதான் 'தனி ரூம்'. பத்துக்குப் பத்து. அடுப்பும் அதற்குள், கட்டிலும் அதற்குள், நாலு பேரும் அதற்குள். பாத்ரூம் தனிதான்... வீட்டை விட்டுத் தனியாக, மாடிப்படிக்குக் கீழே, ஆறு குடும்பத்துக்குப் பொதுவாக.

செல்வி பொய் சொல்லவில்லை. நானும் தப்பாக மொழிபெயர்க்கவில்லை. இரண்டு பேரும் நல்ல தமிழில்தான் பேசினோம். ஆனால் 'தனி' என்ற சொல்லுக்கு என் வீட்டில் ஓர் அர்த்தம், அவர் வீட்டில் ஓர் அர்த்தம்.

செல்விக்கு சரியாகிவிட்டது. பெண் குழந்தைகள் இரண்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கணவர் முருகேசனுக்குத்தான் ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனது. ஒரு பெட்டுக்காக நான் யார் யார் காலில் விழுந்தேன் என்று எனக்கே நினைவில்லை. கிடைத்தது. பிழைத்தார். ஆனால் லேத் மெஷின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்க அதற்குப் பிறகு அவரால் முடியவில்லை.

வைரஸ் ஏழை பணக்காரன் பார்க்காது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள், நானும் இங்கே எழுதினேன். பார்க்காதுதான். அதற்குப் பதிலாக ஏழை பணக்காரன் பார்த்துக் கொடுக்கத்தான் நாம் இருக்கிறோமே!

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலிங் பெல். செல்வி, கையில் மிளகு ரசத்துடன். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"வர்றாருக்கா. லிஃப்ட் வேணாம், படியில வர்றேன்னுட்டாரு."

எங்களுடையது மூன்றாவது மாடி. முருகேசன் வந்து சேர நேரமாயிற்று. சோபாவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மூச்சின் சத்தம் எனக்குக் கேட்டது.

"லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது? ஏன் இப்படி?"

"பழகிக்கறேன்க்கா. ஒண்ணாந்தேதிலருந்து ஒரு அபார்ட்மென்ட்ல செக்யூரிட்டி வேலை. அஞ்சு மாடி ரவுண்ட்ஸ் போகணுமாம்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கொட்டிவிட்டேன். ஃபார்ம், தனி ரூம், நான் போட்ட டிக், எல்லாவற்றையும். செல்வியைக் கேர் சென்டருக்கு அனுப்பியிருந்தால் உங்களுக்கு இது வந்தே இருக்காதோ என்னவோ என்றேன். அழுதேன். காய்ச்சல் மேல் பழி போடலாம், போட மாட்டேன்.

செல்வி முதலில் விழித்தார். பிறகு சிரித்தேவிட்டார். "இதையா இத்தனி வருசம் மனசுல வெச்சிருந்தீங்க? பெருமையா சொன்னவ நானுக்கா! பின்ன, கஷ்டப்பட்டுப் புடிச்ச ரூமு, இல்லைன்னா சொல்லுவேன்?"

முருகேசன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். மூச்சு சமனாகும்வரை காத்திருந்தார்.

"விடுங்கக்கா. முந்தாநேத்து எனக்கும் ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, வேலைக்கு. மூச்சுத் தொந்தரவு உண்டா, இல்லையான்னு கேட்டிருந்துச்சு. இல்லைன்னு டிக் போட்டேன். நீங்களாச்சும் தெரியாம போட்டீங்க."

அந்த டிக்கைத் திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு வருமா?